ஆவிக்குரிய போராட்டம்: அம்மாவின் குத்துவிளக்கைக் கடலில் போடத்தான் வேண்டுமா?

பிறைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மனைவியும் ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஃபிளாட் வீடு. அம்மா எங்களோடுதான் இருக்கிறார், அவர் இந்து, அதில் இதுவரை எந்தச் சண்டையும் வந்ததில்லை. ஹால் ஓரத்தில் அவருடைய சாமி மேடை, அதில் பாட்டி காலத்துப் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று. தோட்டத்து லயத்தை (தொழிலாளர் குடியிருப்பை) விட்டு வெளியேறியபோது துணி மூட்டையோடு வந்தது. அடிப்பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்கும், சின்ன வயதில் பந்து விளையாடி நான் தள்ளிவிட்டது.

எனக்குப் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலை. பிப்ரவரியில் இருந்து இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு, 12 மணி நேர ஷிஃப்ட். இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து படுத்தால், தூங்கிய கொஞ்ச நேரத்தில் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குவது போல இருக்கிறது. கண் திறந்துதான் இருக்கிறது, ஃபேன் சுற்றுவது தெரிகிறது, அலமாரி பக்கத்தில் ஒரு ஆள் நிற்பது போலவும் தெரிகிறது. "இயேசுவே" என்று கூப்பிடப் பார்க்கிறேன், நாக்கு அசையவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. அந்தப் பெயரைச் சொல்லவிடாமல் எதுவோ தடுக்கிறது என்றுதானே அர்த்தம்? வேலையிடத்தில் ஒரு மலாய் நண்பனிடம் சொன்னேன், "கெனா திண்டே", அதாவது ஏதோ அமுக்கிவிட்டது, என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரலில் மனைவிக்கு ஒன்பது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அப்புறம் ஒரு நண்பர் மூலமாக விடுதலை ஊழியம், அதாவது ஜெபித்துப் பிசாசு விரட்டுவது, செய்கிற ஒருவர் வீட்டுக்கு வந்தார், எங்கள் சபை இல்லை. அறை அறையாக நடந்து பார்த்துவிட்டு விளக்கு முன்னால் நின்றுகொண்டு, இது தலைமுறை சாபம், இந்த விளக்கு வழியாகத்தான் உள்ளே வருகிறது, பிள்ளை போனதும் இதனால்தான் என்றார். அருவருப்பானதை வீட்டுக்குள் கொண்டுவராதே என்கிற உபாகமம் 7:26 வாசித்தார். மூன்று வெள்ளிக்கிழமை வந்து ஜெபிக்க வேண்டுமாம், ஒவ்வொரு தடவைக்கும் 300 வெள்ளி (ரிங்கிட்) காணிக்கை, கடைசி வெள்ளிக்கிழமை விளக்கைக் கடலில் போட்டுவிட வேண்டும். அம்மா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

அன்றிலிருந்து அம்மா விளக்கேற்றுவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிறார். மனைவி விளக்கு வெளியே போனால்தான் தூக்கம் வரும் என்கிறாள். நான் நடுவில். வேதம் உண்மையில் இந்தப் போராட்டத்தைப் பற்றி என்ன சொல்கிறது? முதல் 300ஐக் கொடுத்துவிட்டேன், மீதியையும் கொடுக்கலாமா?

ஜெலுத்தோங் ஆண்ட்டி எழுதியது:

தம்பி, முதலில் உன் மனைவியைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து அழவிடு. நீயும் அழு. மற்றதெல்லாம் அப்புறம்.

இனி ஒரு காசு கொடுக்காதே. நான் பெந்தெகொஸ்தே சபையில் முப்பது வருடமாக இருக்கிறவள், பிசாசு என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்கிற படித்தவர்கள் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்று இயேசு சொன்னது எந்த இடத்தில் என்று பார். மத்தேயு 10:8. வியாதியஸ்தரைக் குணமாக்குங்கள், பிசாசுகளைத் துரத்துங்கள் என்று சொன்ன அதே வசனத்தில்தான் வருகிறது. கட்டணம் கேட்பவர் அந்த வசனத்தின் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிட்டார் போல. சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோன் பணத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது பேதுரு என்ன சொன்னார் என்று அப்போஸ்தலர் 8இல் படி, நான் சொன்னால் திட்டுவது போல இருக்கும்.

கப்பர்நகூம் ஜெப ஆலயத்தில் இயேசு அந்த மனிதனைப் பிடித்திருந்த அசுத்த ஆவியிடம் பேசியது ஒரே வரி. பேசாமல் இவனை விட்டுப் போ, அவ்வளவுதான். மூன்று வெள்ளிக்கிழமை எல்லாம் இல்லை.

வாயைத் திறக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய் பார், அதற்குத்தான் நான் பதில் எழுதவே உட்கார்ந்தேன். இயேசுவின் நாமம் சத்தமாகச் சொன்னால் பலிக்கிற மந்திரம் இல்லை. எபேசுவில் ஸ்கேவாவின் ஏழு பிள்ளைகள் அந்தப் பெயரைச் சத்தமாகத்தான் சொன்னார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்" என்று கேட்டு அந்தப் பொல்லாத ஆவி அடித்துத் துரத்தியது, துணி கூட இல்லாமல் ஓடினார்கள். இந்தப் பக்கம் அன்னாளைப் பார். ஆலயத்தில் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை, ஆசாரியனே குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். கர்த்தருக்குக் கேட்டதா இல்லையா? நாக்கு அசையாவிட்டாலும் உள்ளே நீ கூப்பிட்டது கேட்டாகிவிட்டது, பயப்படாதே.

இன்னொன்று, நம் ஆட்கள் நிறையப் பேர் 91ஆம் சங்கீதத்தைக் கதவில் ஒட்டி வைக்கிறோம், என் வீட்டிலும் இருக்கிறது. இயேசுவைத் தேவாலயத்து உச்சியில் நிறுத்தி அந்தச் சங்கீதத்தை எடுத்துச் சொன்னது யார் தெரியுமா? பிசாசுதான். வசனத்தைத் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டால் அவனுக்கு ஒரு பயமும் இல்லை, அவனுக்கும் மனப்பாடம்.

இரவு டியூட்டி நர்ஸ் எழுதியது:

பிரதர், நானும் ஷிஃப்ட் ஆள், சுருக்கமாகச் சொல்கிறேன். கனவு காணும் தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும், கனவில் ஓடும்போது நாம் நிஜமாக எழுந்து ஓடாமல் இருக்க. சில நேரம் நினைவு முதலில் விழித்துக்கொள்கிறது, தசை விழிக்கவில்லை. கண் திறந்திருக்கும், கை கால் நாக்கு அசையாது, கனவின் மிச்சம் அறைக்குள் ஆள் நிற்பது போலத் தெரியும். சில விநாடி, மிஞ்சினால் ஓரிரு நிமிடம். ஷிஃப்ட் மாறி மாறி வருகிறவர்களுக்கும், தூக்கம் குறைந்தவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். உங்களுக்கு மூன்றும் பொருந்தும் என்று நினைக்கிறேன். "இயேசுவே" என்று மட்டும் இல்லை, அந்த நேரத்தில் "ரொட்டி சானாய்" என்று கூடச் சொல்ல வந்திருக்காது. ஒருக்களித்துப் படுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், வேலை முடியும் நேரத்தில் கோப்பி வேண்டாம். அடிக்கடி வந்தால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், 1 வெள்ளிதான்.

கரு கலைந்தது பற்றி. தெரிந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படி ஆகிறது. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறக்குறையப் பாதி, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் ஆரம்பத்திலேயே ஏற்பட்ட பிழையால். உங்கள் மனைவி தூக்கியது, நடந்தது, சாப்பிட்டது எதுவும் காரணம் இல்லை. விளக்கும் இல்லை. இதை அவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள், ஒரு தடவை போதாது. வார்டில் எத்தனை பெண்கள் தாங்கள்தான் ஏதோ செய்துவிட்டோம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் விசுவாசிதான். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து சாக வேண்டும் என்று கேட்டபோது தூதன் அவரோடு பிசாசைப் பற்றிப் பேசவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பத் தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

விழித்திரு எழுதியது:

எல்லாரும் மருத்துவம் பேசுகிறீர்கள். பணம் வாங்கியது தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் வீட்டில் பழைய தகடு, கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் எடுத்து எரித்த பிறகுதான் சமாதானம் வந்தது, இது நான் அனுபவித்தது. எபேசுவில் மாயவித்தைப் புத்தகங்களை எரித்தார்களே, ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு மதிப்பு என்று எழுதியிருக்கிறது. வீட்டில் இருளுக்கு இடம் வைத்துக்கொண்டு எப்படி ஜெயிப்பது?

பிரிக்ஃபீல்ட்ஸ் லூத்தரன் எழுதியது:

விழித்திரு தம்பி சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், நல்ல வசனம் அது. அப்போஸ்தலர் 19:19. விசுவாசிகளானவர்கள் தங்கள் சொந்தப் புத்தகங்களைத் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். தம்பி எரித்ததும் தன் சொந்தக் கயிறு. பக்கத்து அறையில் இருக்கிற தாயாரின் பொருளைப் பிடுங்கி எரித்ததாக அந்த அதிகாரத்தில் இல்லை. உபாகமம் 7 கானானுக்குள் போகிற இஸ்ரவேலருக்குச் சொன்னது, பிடித்த ஊரின் விக்கிரகத்தில் இருக்கிற வெள்ளிக்கும் பொன்னுக்கும் ஆசைப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவராதே என்கிறது. பிறைக்காரர் கொள்ளையடித்துக் கொண்டுவந்த விளக்கா அது?

விக்கிரகம் உலகத்தில் ஒன்றுமில்லை என்று பவுல் 1 கொரிந்தியர் 8இல் சொல்கிறார், இரண்டு அதிகாரம் தள்ளி, அங்கே படைக்கிற பந்தியில் கலந்துகொள்ளாதே என்றும் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நீங்கள் விளக்கேற்றிக் கும்பிட வேண்டாம், விளக்கைப் பார்த்து நடுங்கவும் வேண்டாம். சீரியா படைத்தலைவன் நாகமான் ஞாபகம் இருக்கிறதா? யோர்தானில் முழுகிக் குணமான பிறகு எலிசாவிடம் ஒரு சங்கடத்தைச் சொன்னான். என் ராஜா ரிம்மோன் கோயிலுக்குள் போகும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், கர்த்தர் இதை மன்னிப்பாரா என்றான். தீர்க்கதரிசி நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார்.

தலைமுறை சாபம் என்கிறவர்கள் யாத்திராகமம் 20இல் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை என்பதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அது இருக்கிறது, மறைக்க வேண்டாம். தகப்பன் குடித்தால் பிள்ளை படுகிற பாட்டை நாமே தோட்டத்தில் பார்த்தவர்கள்தானே. ஆனால் எசேக்கியேல் 18 முழுவதும் குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்கிறது, கலாத்தியர் 3:13 கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்கிறது. சிலுவையில் தீர்ந்த கணக்கை 900 வெள்ளிக்கு மறுபடி திறக்கிறார் அந்த மனிதர். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும், இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றுதான் ஆண்டவர் சொன்னார்.

இனி எபேசியர் 6. நான் ஓய்வுபெற்றவன், நேரம் இருக்கிறது, கொஞ்சம் உட்காருங்கள். சர்வாயுதவர்க்கம், அதாவது போர்வீரனின் முழுக் கவசம், என்று ஞாயிறு பள்ளியில் அட்டையில் வெட்டித் தலையில் மாட்டிக்கொண்டோம், அதனால் நிறையப் பேருக்கு அது ஒரு தனி வீரன் படமாகவே பதிந்துவிட்டது. அந்தப் பகுதியை மெதுவாக வாசித்துப் பாருங்கள், துரத்து, பிடி, வெட்டு என்று எங்கேயும் இல்லை. திரும்பத் திரும்ப வருவது நிற்பதுதான். எதிர்த்து நிற்க, சகலத்தையும் செய்துமுடித்து நிற்க, கடைசியில் "நில்லுங்கள்". ஜெயித்த இடத்தில் காலை ஊன்றி நிற்கிறவனுக்குச் சொன்னது அது. இன்னொரு விஷயம், நாம் பேச்சில் மரியாதைக்கு 'நில்லுங்கள்' என்கிறோம், அதனால் தனக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம். வேதாகமத் தமிழில் ஒருவனைக் கூப்பிட்டால் 'நீ', மரியாதைக்கு 'நீர்'. 'நீங்கள்' என்றால் பலர், மொத்த சபை. கேடகத்துக்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் கதவு என்ற சொல்லிலிருந்து வந்தது, கதவளவு பெரியது, பக்கத்து ஆளோடு சேர்த்து வைத்தால் சுவர். தனியாகப் படுக்கையில் கிடந்து ஆவிகளோடு மல்லுக்கட்டச் சொல்லவில்லை பவுல். அவர் அதை எழுதும்போது சங்கிலியில் இருந்தார், ஜெயிலைத் திறக்கக் கட்டளையிடுங்கள் என்று கேட்கவில்லை, தைரியமாகப் பேச எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்டார்.

12ஆம் வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்று ஆரம்பிக்கிறது. நாம் அதைத் தாண்டி ஓடி துரைத்தனங்கள், அதிகாரங்கள், அந்தகார லோகாதிபதிகள் என்று பட்டியலில் மூழ்கிவிடுகிறோம். உங்கள் அம்மா மாம்சமும் இரத்தமும், தம்பி. அவர் எதிரி இல்லை. பிசாசு என்று நாம் சொல்வதற்குப் புதிய ஏற்பாட்டில் உள்ள கிரேக்கச் சொல்லின் பொருள் அவதூறு சொல்கிறவன், வெளிப்படுத்தல் 12இல் அவன் பெயர் குற்றஞ்சாட்டுகிறவன். அறுபது வயது தாண்டிய ஒரு பெண்மணியின் காதுபட, உன் விளக்குதான் உன் பேரப்பிள்ளையைக் கொன்றது என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். உங்கள் வீட்டுக்குள் எது எந்த வழியாக வந்தது என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

எபேசியர் 4இல் பிசாசுக்கு இடங்கொடாதிருங்கள் என்று வருகிறதே, அதற்கு முந்தின வரி எரிச்சலோடு சூரியன் அஸ்தமிக்கக் கூடாது என்பது. எத்தனை சூரியன் போய்விட்டது?

விழித்திரு எழுதியது:

சொந்தப் புத்தகம் என்பதை நான் கவனித்ததில்லை ஐயா. யோசிக்கிறேன். ஆனாலும் என் வீட்டில் எரித்தது எரித்ததுதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

புக்கிட் மெர்தாஜாம் கத்தோலிக்கன் எழுதியது:

எங்கள் பக்கம் எப்படி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். பேயோட்டும் சடங்கை யார் வேண்டுமானாலும் செய்ய முடியாது, ஆயர் வெளிப்படையாக அனுமதி கொடுத்த குருவானவர் மட்டும்தான், திருச்சபைச் சட்டம் 1172. அதற்கு முன்னால் நோய் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று மறைக்கல்வி ஏடே சொல்கிறது. மற்ற எங்கள் எல்லாருக்கும் உள்ள போராட்டம் ஈஸ்டருக்கு முந்தின இரவு உயிர்ப்புத் திருவிழிப்பில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று திருமுழுக்கு வாக்கைப் புதுப்பிப்பதும், அப்புறம் வருடம் முழுக்க அதைக் காப்பாற்றப் பாடுபடுவதும்தான்.

ஜூலை 26 புனித அன்னாள் (மரியாளின் தாய்) திருவிழாவுக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள். என் பக்கத்து வீட்டு இந்து அம்மா வருடம் தவறாமல் வந்து மெழுகுதிரி ஏற்றுகிறார், அவரை யாரும் விரட்டியதில்லை.

பிறைக்காரன் எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி.

கிளினிக்குக்குப் போனேன், நர்ஸ் சிஸ்டர் சொன்னதையேதான் டாக்டரும் சொன்னார். ஷிஃப்ட் மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிடைக்குமா தெரியாது. ஒருக்களித்துப் படுக்கிறேன். ஒரே ஒரு தடவை மறுபடியும் வந்தது. அன்னாள் ஞாபகம் வந்தது, வாயைத் திறக்க முயற்சிக்காமல் அப்படியே கிடந்தேன், ஃபேனைப் பார்த்துக்கொண்டு. போய்விட்டது.

அம்மாவிடம் பேசியது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். லூத்தரன் ஐயா கேட்ட கேள்விதான் தள்ளியது. அறைக்குள் போனால், விளக்கைத் தமிழ்ப் பேப்பரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். சுங்கை பட்டாணியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் கொடுத்துவிட ஆள் பார்த்துக்கொண்டிருந்தாராம். "என்னால உங்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுப்பா" என்றார். 'உங்க பிள்ளை' என்றார், இனிமேல் பிறக்கப் போகிறதை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன், என்ன வார்த்தை சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து குனிந்து அதை எடுத்தாள், பேப்பரைப் பிரித்தாள், அம்மா அறை மேசை மேல் வைத்துவிட்டு, "இங்கேயே இருக்கட்டும் அத்தை, ஹால்ல மட்டும் வேணாம்" என்றாள். அவளுக்கு இன்னும் பயம் முழுதாகப் போகவில்லை, எனக்குத் தெரியும். அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாள் ஆகிறது.

எங்கள் போதகரிடமும் சொல்லிவிட்டோம், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். புதன்கிழமை நாலு பேர் வந்து ஜெபித்தார்கள், சும்மா, கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அம்மாதான் கலக்கிக் கொடுத்தார்.

ஒரு சின்ன கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த விடுதலை ஊழியக்காரர் தினமும் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இரண்டாவது வெள்ளிக்கிழமை எப்போது, பாதியில் நிறுத்தினால் ஏழு மடங்காகத் திரும்பி வரும் என்று. என்ன பதில் போடுவது?

ஜெலுத்தோங் ஆண்ட்டி எழுதியது:

பெருக்கி ஜோடித்துக் காலியாக வைத்த வீட்டுக்குத்தான் போன ஆவி இன்னும் ஏழு ஆவியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும் என்று ஆண்டவர் சொன்னார் தம்பி, அத்தையும் மருமகளும் சேர்ந்து சாப்பிடுகிற வீட்டுக்கு இல்லை. பதில் எதுவும் போடாதே, பிளாக் பண்ணு. உன் மனைவி போனிலும் சேர்த்து.